படிக்கத்தை மறித்து நிற்பவர்கள்

இலண்டனில் சிறிய ஒயின் கடை நடத்தும் எனக்கு, வணிகர்களுக்கென்றே நடத்தப்படும் சுவைபார்ப்பு நிகழ்ச்சிகள்தாம் புதுச் சரக்கைக் கண்டெடுக்கும் இடம். ஆனால் அங்கே ஒயினைச் சுவைப்பதைவிடத் துப்புவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. ஒரே நாளில் 60, 70 ஒயின்களைச் சுவைக்க வேண்டியவன் அத்தனையையும் விழுங்கினால் மதியத்துக்குள் தள்ளாட வேண்டியதுதான் என்பதால், மேசைதோறும் படிக்கம் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால்தான் இருவர் மூவராக நின்றுகொண்டு விடுமுறைக் கதை பேசுகிறார்கள்.

சென்ற வாரம் கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவிலிருந்து வந்த அசிர்டிகோ என்னும் வெள்ளை ஒயின் ஒன்றை வாயில் வைத்தேன். கடற்காற்றுக்குத் தப்பக் கொடியைத் தரையோடு கூடைபோல் சுருட்டி வளர்க்கும் அந்த எரிமலை மண்ணின் எலுமிச்சைப் புளிப்பும் உப்புக் கரிப்பும் நாவில் விரிந்ததுமே, இதை வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். விலை கேட்கத்தான் வாயைத் திறக்க முடியவில்லை. கன்னம் உப்ப, கண்ணால் கெஞ்சியபடி தலையை ஆட்டினேன்; மறித்து நின்றவரோ நான் வணக்கம் சொல்வதாக எண்ணி, புன்னகையோடு பதிலுக்குத் தலையாட்டினார்.

அடுத்து, பிரான்சின் ஜூராப் பகுதியின் வான் ஜோன் என்னும் மஞ்சள் ஒயின்: பீப்பாயில் 6 ஆண்டுக்கு மேல் கிடந்து, 62 சென்டிலிட்டர் குப்பியில் வருவது. அதன் அக்ரூட் மணத்தை முகரக் குனிந்தால், பக்கத்தில் நின்றவர் பூசியிருந்த செண்டுதான் முந்திக்கொண்டு மூக்கில் ஏறியது. (செண்டு பூசி வராதீர்கள் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்ததை என்னைத் தவிர யாரும் படிக்கவில்லை போலும்.) குறிப்பேட்டில் ‘மல்லிகை’ என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.