சொகுசுக் கப்பலில் கூடுதல் காசு எதற்குப் போகிறது?

தமிழில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டும் எந்தக் கப்பலும் ‘சொகுசுக் கப்பல்’தான். ஏழாயிரம் பேர் ஏறினாலும் அதே பெயர், இருநூறு பேர் ஏறினாலும் அதே பெயர். அதனால் போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்து, “சொகுசுக் கப்பல்லயே நாலு மடங்கு காசு வாங்குற சொகுசுக் கப்பல் இருக்காமேப்பா, அவ்வளவு குடுக்கலாமா?” என்று கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வார்த்தை.

நானும் மனைவியும் இரண்டு விதத்திலும் போயிருக்கிறோம். முதலில் பிள்ளைகளோடு, ஐயாயிரம் பேருக்கு மேல் ஏறிய ஒரு ராட்சசக் கப்பல். சில வருடம் கழித்து, பிள்ளைகளுக்கு எங்களோடு வரப் பிடிக்காத வயது வந்த பிறகு, எழுநூறு பேருக்கும் குறைவான ஒரு உயர்ரகக் கப்பல். போனில் சொல்லி முடியவில்லை, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நாங்கள் போன கம்பெனிகளின் பெயரைக் கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. எந்தக் கப்பலுக்கும் ‘கிராஸ் டன்’ என்று ஒரு எண் உண்டு. பலரும் அதைக் கப்பலின் எடை என்று நினைக்கிறார்கள். எடை இல்லை, கப்பலுக்குள் மூடியிருக்கும் பகுதிகளின் கொள்ளளவை வைத்துப் போடும் எண் அது. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று பிடிபட்டுவிடும். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ 2,48,663 கிராஸ் டன். அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 5,610 பயணிகள். வகுத்தால் 44. 2016இல் வந்த உயர்ரகக் கப்பலான ‘செவன் சீஸ் எக்ஸ்புளோரர்’ அதில் கால்வாசிகூடக் கிடையாது, சுமார் 55,000 டன்தான். ஆனால் ஏறுவது 750 பேர். வகுத்தால் 73. ஊழியர் விஷயமும் இப்படித்தான். ஐகானில் 2,350 ஊழியர்கள், அதாவது ஒருவருக்கு இரண்டு பயணிகளுக்கு மேல். எக்ஸ்புளோரரில் 550 பேரை ஒட்டி, ஒருவருக்கு ஒன்றரைப் பயணிகூட வராது.

நாம் கொடுக்கிற கூடுதல் காசில் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களுக்குத்தான் போகிறது என்பது என் கட்சி. சலவைக்கல், சரவிளக்கு, கேவியர் எல்லாம் போட்டோவுக்கு. எக்ஸ்புளோரருக்குத் தங்கையாக 2020இல் வந்த ‘செவன் சீஸ் ஸ்பிளெண்டர்’ கப்பலின் மிகப் பெரிய ‘சூட்’ அறையில் (படுக்கையறை, வரவேற்பறை எல்லாம் சேர்ந்த பெரிய அறை) இரண்டு லட்சம் டாலர் படுக்கை போட்டிருக்கிறார்கள். அதில் படுத்தால் தூக்கம் வருமா, விலை ஞாபகம் வருமா என்று எனக்கு ஒரு சந்தேகம். (ஆளுக்கு இடம் கூடினால் ஆளுக்கு எரிகிற எண்ணெயும் கூடும். அந்த வகுத்தலை எந்த விளம்பரமும் போட்டுக் காட்டாது.)

சரி, இடமும் ஆளும் அதிகம் என்றால் நடைமுறையில் என்ன கிடைக்கிறது? வரிசை இல்லாமல் போகிறது.

பெரிய கப்பலில் காலை ஆறரை மணிக்கு நீச்சல்குளத்துப் பக்கம் போனேன். ஒரு மனித உயிர் இல்லை. ஆனால் அத்தனை நாற்காலியிலும் துண்டு. துண்டு போட்டு இடம் பிடிப்பதில் உலகமே ஒரு குடும்பம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பஃபேயில் முட்டைக்கு வரிசை, லிஃப்டுக்கு வரிசை, கரையில் இறங்க வரிசை, திரும்பி ஏறும்போது பையை ஸ்கேன் பண்ண வரிசை. கப்பல் கரையணைய முடியாத ஊர்களில் தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் கூட்டிப்போவார்கள். டெண்டர் என்று பெயர். அதற்கு டோக்கன். எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது மணி பதினொன்று. கடைசிப் படகு மூன்றரைக்கு. ஒரு ஊரைப் பார்க்கப் போய், அந்த ஊரின் படகுத்துறையைப் பார்த்துவிட்டு வந்தோம்.

சின்னக் கப்பலிலும் ஒரு நாள் டெண்டர்தான். அறிவிப்பு வந்தது, எழுந்து போனோம், படகு நின்றது, ஏறி உட்கார்ந்தோம். மனைவி வாட்சைப் பார்த்தாள். “இதுக்குத்தான் அவ்வளவு காசா?” என்றாள். கேலியா பாராட்டா என்று இன்றுவரை கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இன்னொன்றும் அங்கே இல்லை, வியாபாரம். பெரிய கப்பலில் ஏறிய நிமிடத்திலிருந்து யாராவது எதையாவது விற்றுக்கொண்டே இருந்தார்கள். பானங்களுக்கு ஒரு பேக்கேஜ், வைஃபைக்கு ஒரு பேக்கேஜ், மசாஜ், கட்டண உணவகம், இரவுச் சாப்பாட்டின் நடுவில் வந்து எடுக்கும் போட்டோ. கடைசி இரவு கதவுக்கடியில் பில் வந்து விழுந்தது. அதைப் படித்தபோதுதான் எங்கள் வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்கே முழுசாகத் தெரிந்தது. உயர்ரகக் கப்பலில் ஏழு நாளில் ஒரு தாளில்கூட நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த நிம்மதி உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ‘எல்லாம் அடக்கம்’ என்கிற அந்த வார்த்தையை மட்டும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். யாருடைய எல்லாம்? நான் குடிப்பதில்லை, மனைவியும் இல்லை. பக்கத்து மேஜையில் மதியமே மூன்றாவது ஷாம்பெயின் திறந்தவருக்கும் எங்களுக்கும் ஒரே கட்டணம். அவர் பாட்டிலில் எங்கள் பங்கும் இருந்தது. மனைவி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் மெதுவாக, “நம்ம காசுதான், நல்லா இருக்கட்டும்” என்றாள். கரைச் சுற்றுலாவும் இலவசம்தான். அந்த இலவசத்தில் போனது நாற்பது பேர் பஸ்ஸில், கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால். நான் ஆசைப்பட்ட சின்னக் குழுச் சுற்றுலாவுக்கு அங்கேயும் தனிக் காசு.

நண்பரின் ‘நாலு மடங்கு’ எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் கண்ணில் படும் மலிவு விலை, பெரிய கப்பலில் ஜன்னலே இல்லாத உள் அறைக்கு. உயர்ரகக் கப்பல்கள் பலவற்றில் அப்படி ஒரு அறையே கிடையாது, எல்லாம் சூட்தான். பால்கனி அறையோடு சூட்டை ஒப்பிட வேண்டும், அதுவும் இறங்கும்போது கொடுத்த மொத்தக் காசை வைத்து. எங்கள் கணக்கு இது: பெரிய கப்பலில் பால்கனி அறை டிக்கெட்டை 100 என்று வைத்துக்கொண்டால், டிப்ஸ், வைஃபை, சுற்றுலா, இரண்டு இரவு கட்டண உணவகம் எல்லாம் சேர்ந்து 160இல் முடிந்தது. உயர்ரகக் கப்பல் அதே அளவில் 380. ஆக, நாலு மடங்கு இல்லை, இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் கீழே. தினமும் நாலு கிளாஸ் குடிக்கிற தம்பதிக்கு இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். தனியாகப் போகிறவருக்குக் கதை வேறு. அறைக்குத்தான் விலை என்பதால் பல இடங்களில் இரண்டு பேர் காசையும் அவரே கட்ட வேண்டிவரும்.

இனி உபசரிப்பு. இரண்டாம் நாள் காலையிலேயே பரிமாறுகிறவர் என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. மூன்றாம் நாள் பஃபேயில் தட்டை எடுத்துக்கொண்டு இவள் நாலடி நடந்ததும் ஒருவர் ஓடி வந்து தட்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஐந்தாம் நாள், “என் தட்டைக்கூடத் தூக்க விட மாட்டேங்கறாங்க, எனக்கு என்ன கை இல்லையா?” என்று அறையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். தட்டை வாங்கியவர் ஏழு மாத ஒப்பந்தத்தில் ஐந்தாவது மாதத்தில் இருந்தார். 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் ஊழியருக்கு நாளுக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலையை அனுமதிக்கிறது. இது தெரிந்த பிறகு அந்தப் புன்னகையை முன்போல வாங்கிக்கொள்ள எனக்கு வரவில்லை. இதில் யாருக்கும் அறிவுரை சொல்ல வரவில்லை, என் சங்கடத்தைச் சொன்னேன்.

காசு கூடினால் சமையலறை சுத்தமாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை நோய்த்தடுப்பு மையத்தின் ஆட்கள் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஃபெயில். 2013இல் ஃபெயிலான ஒன்று நல்ல பெயரெடுத்த உயர்ரகக் கப்பல். சோதனைக்கு முன் உணவு டிராலிகளை ஊழியர் அறைகளில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

கடலுக்கும் நம் டிக்கெட் விலை தெரியாது. சின்னக் கப்பல் பெரிய கப்பலைவிட நன்றாக ஆடும். நாலாம் நாள் இரவு காற்று ஏறியது. மனைவி விடியும்வரை வாந்தி. பட்லர் பச்சை ஆப்பிளும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பாவம், அவர் என்ன செய்வார், கடலைக் கூப்பிட்டுக் கண்டிக்கவா முடியும்? மறுநாள் போக வேண்டிய ஊரையும் ரத்து செய்துவிட்டார்கள். கேட்டால் டிக்கெட்டோடு கொடுத்த ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். பயணத்திட்டத்தை மாற்றும் உரிமையை எல்லாக் கப்பல்காரர்களும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் கொடுக்கவே கூடாதா? எங்கே போகிறோம் என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பேன். வரைபடத்தைப் பார்க்காமல் கப்பலின் போட்டோவைப் பார்த்து முடிவெடுத்ததுதான் நாங்கள் செய்த தப்பு.

அண்டார்க்டிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுற்றுலா நடத்துகிறவர்களின் சங்கமான ஐயாட்டோவின் விதிப்படி, 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் ஒருவரையும் கரையில் இறக்க முடியாது. அதற்குக் குறைந்த கப்பலும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் 100 பேருக்கு மேல் இறக்கக் கூடாது. நார்வேயின் ஸ்வால்பார்டில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பலுக்கு 2025 முதல் அனுமதி இல்லை. இங்கெல்லாம் சின்னக் கப்பலுக்குக் கொடுக்கும் காசு, கால் தரையில் படுவதற்கான காசு. பேரம் பேசாமல் கொடுக்கலாம். ஸ்பெயினில் குவாதல்கிவிர் ஆற்றின் வழியாக உள்ளே போய் செவில் நகரிலேயே கரையணைவதும் சின்னக் கப்பலால் மட்டும் ஆகிற காரியம்.

அதற்காக உயர்ரகம் என்றாலே சின்னது என்று நினைத்துவிடக் கூடாது. வெனிஸ் 2021 ஆகஸ்டில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை நகரை ஒட்டிப் போகும் ஜுதெக்கா கால்வாய்க்குள் வரக் கூடாது என்று நிறுத்தியது. மேலே சொன்ன 55,000 டன் கப்பலும் வெளியேதான் நிற்கும். கிரேக்கத் தீவான சாண்டோரினியில் எந்தக் கப்பலில் வந்தாலும் நங்கூரம் போட்டுப் படகில்தான் இறங்க வேண்டும். ஊர் செங்குத்தான பாறைக்கு மேலே இருக்கிறது, ஏறுவதற்குக் கேபிள் கார், இல்லையென்றால் கிட்டத்தட்ட அறுநூறு படி. கேபிள் கார் வரிசையில் நீங்கள் எந்தக் கப்பல் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மாறாக, சின்னதாக இருந்தும் உச்ச விலை இல்லாத கப்பல்கள் இருக்கின்றன. ரெனைசான்ஸ் என்று ஒரு கம்பெனி எட்டுக் கப்பல்களை ஒரே அச்சில் கட்டி ஓட்டியது. 2001 செப்டம்பரில் அது மூழ்கிவிட்டது (கம்பெனி, கப்பல்கள் இல்லை). ஒவ்வொரு கப்பலும் சுமார் 30,000 டன், எழுநூறு பேருக்குக் குறைவு. இன்றைக்கு அந்த எட்டில் நாலு ஓஷியானியா என்கிற கம்பெனியிடம், நாலு அசமாரா என்கிற கம்பெனியிடம். வயதான கப்பல்கள், அறைகள் சின்னவை, குளியலறை அதைவிடச் சின்னது. இரண்டு லட்சம் டாலர் படுக்கை கிடையாது. ஆனால் ஆற்றுக்குள் போகும்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம். எழுபது வயதுக்காரர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருக்கும் கப்பலில் பத்து வயதுப் பையனை ஏழு நாள் அடைத்து வைப்பது அவனுக்குச் செய்கிற அநியாயம். சறுக்குமரமும் அலைக்குளமும் இருக்கிற பெரிய கப்பலே அவனுக்குச் சொகுசு. பெரிய கப்பலுக்குள்ளேயே வேலி போட்டு ‘யாட் கிளப்’, ‘ஹேவன்’ என்று தனி உணவகம், தனி நீச்சல்குளம் வைத்து விற்கிறார்கள். கூட்டமும் வேண்டாம், பிள்ளைகளுக்கு விளையாட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு அது பொருந்தலாம். எனக்கு ஒட்டவில்லை. ஒரே தளத்தில் கார்டு காட்டித் திறக்கிற கதவுக்கு இந்தப் பக்கம் காலி நாற்காலிகள், அந்தப் பக்கம் துண்டுகள்.

இதையெல்லாம் சொன்ன பிறகு நண்பர் நேற்று மறுபடி கூப்பிட்டார். அந்தப் பழைய எட்டில் ஒன்றில் பத்து நாளைக்கு முன்பதிவு செய்திருக்கிறாராம். வழியில் செவில் இருக்கிறது.

“குளியலறை நெசமாவே அவ்வளவு சின்னதாப்பா?”

“ஆமா.”

“சரி, நான்தான கொஞ்சம் குண்டு. சமாளிச்சுக்கறேன்” என்று வைத்துவிட்டார்.