கிராமத்து மலர்க் கண்காட்சியைத் தொடங்கி வைத்தது போரா?

"இங்கிலாந்துக் கிராமங்களின் மலர், காய்கறிக் கண்காட்சிகள் இரண்டாம் உலகப் போரில் பிறந்தவை. உணவுப் பஞ்சத்தைச் சமாளிக்க அரசு தொடங்கியது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

வடக்கு யார்க்‌ஷயரில் எக்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே கூஸ்பெரிப் பழப் போட்டி 1800-இலேயே தொடங்கிவிட்டது. (கூஸ்பெரி என்றதும் நம் நெல்லிக்காய் நினைவுக்கு வரும், இது வேறு செடி.) யாருடைய பழம் கனமானது என்று தராசில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட போட்டிகள் பெரும்பாலும் மதுக்கடைகளில்தான் நடந்தன. பரிசாகச் செப்புக் கெண்டி கிடைப்பதும் உண்டு. அரசு ஆணைக்கு இங்கே என்ன வேலை?

மலர் விழாக்கள் இன்னும் பழையவை. நாரிச் நகரில் 1631-இலேயே மலர் வளர்ப்போர் விருந்து நடந்திருக்கிறது. யார்க் நகர மலர் வளர்ப்போர் சங்கம் 1768-இல் உருவானது. அப்புறம், விக்டோரியா காலத்தில் கிராமத்துத் தோட்டச் சங்கங்கள் பெருகின; குடிசைவாசிகளுக்கென்றே தனிப் போட்டிப் பிரிவுகள் வந்தன.

சரி, போர்க் கதை எங்கிருந்து முளைத்தது? 1939-இல் அரசு வீட்டுத் தோட்டங்களில் காய்கறி பயிரிடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. அந்த ஆண்டுகளில் கிராம விளைபொருள் சங்கங்கள் பல தொடங்கப்பட்டதும் உண்மையே. அவற்றுள் ஒன்றின் பிறந்த ஆண்டை யாரோ மொத்த மரபுக்கும் ஒட்டியிருக்கலாம். போரால் நின்றுபோன கண்காட்சிகளும் உண்டு: லண்டனின் புகழ்பெற்ற செல்சி மலர்க் கண்காட்சி 1947-இல்தான் மீண்டும் நடந்தது.