வெற்றிக்கு ஆரவாரம் மட்டும் காரணமில்லை
இளையர் ஐஸ் ஹாக்கி அணி சொந்தத் திடலில் வென்றதற்கு ரசிகர் ஆரவாரத்தைக் காரணம் காட்டுகிறது அண்மையில் வந்த ஒரு கட்டுரை. அதைவிடப் பெரியது கடைசி மாற்று உரிமை, அதாவது ஆட்டக்காரர்களைக் கடைசியாக மாற்றும் உரிமை. ஆட்டம் நின்றதும் வெளியூர் அணி முதலில் ஆட்களை இறக்க வேண்டும். அதைப் பார்த்து, சொந்தத் திடல் அணி அவர்களின் சிறந்த தாக்குதல் வரிசைக்கு எதிரே தன் உறுதியான தற்காப்பு ஜோடியை நிறுத்தலாம்.

முன்னேற்றத்தை அளக்க கோல் எண்ணிக்கை போதாது, ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவதைக் கவனியுங்கள். அப்போது அணிகள் பக்கம் மாறுவதால், தற்காப்பு முனையிலிருந்து மாற்று ஆட்டக்காரர்கள் அமரும் பெஞ்ச் தள்ளிப்போகும். களமிறங்கிய 45 விநாடிக்குள் வெளியேறாதவர் களைத்து அங்கேயே சிக்கிக்கொள்வார். நடுக்கோட்டைத் தாண்டி, வட்டை எதிரணி முனைக்குள் ஆழமாக அடித்துவிட்டுத்தான் மாற வேண்டும்.

சிங்கப்பூரின் ஜேகியூப் கடைத்தொகுதியில் இருந்த 60 மீட்டர் பனித்திடல் 2023ல் மூடப்பட்டது நமக்குப் பேரிழப்பு. ஆனால் இந்தப் பழக்கத்தைச் சிறிய திடலிலும் சொல்லித்தரலாம். பயிற்சியில் பெஞ்ச்சை மறுமுனைக்கு நகர்த்தினாலே போதும்.