குழந்தைகளைவிடப் பெற்றோரோடுதான் அதிக வேலை
காது கேளாத குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் வேலை பற்றிய இந்தக் கட்டுரையில், ‘குழந்தைகளைப் பிடிக்கும் என்றால் போதும், தைரியமாக இந்த வேலைக்கு வரலாம்’ என்று இருப்பதை ஏற்க முடியவில்லை. காது கேளாத சிறு குழந்தைகளோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். என் நேரத்தில் பெரும்பகுதி பெற்றோரோடுதான் போகிறது. இந்தக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் பெற்றோர் காது கேட்பவர்கள். அவர்களில் பலர் முதன்முதலாக நெருங்கிப் பழகும் காது கேளாத ஆளே அவர்கள் பெற்ற பிள்ளைதான். பிறந்த 1 மாதத்துக்குள் காது கேட்கிறதா என்ற பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் பயிற்சி என்ற இலக்கு சரிதான். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நான் போய் விளையாடிவிட்டு வந்தால் மொழி வந்துவிடுமா? மீதி நேரம் முழுக்கக் குழந்தை வீட்டில்தானே இருக்கிறது! அதனால் அம்மாவுக்குத்தான் கற்றுக்கொடுக்கிறேன். காலையில் காது கேட்கும் கருவியை மாட்டியதும், குழந்தைக்குச் சரியாகக் கேட்கிறதா என்று அறிய, வாயசைவு தெரியாதபடி நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நேற்றுவரை ‘ஸ்’ஸுக்குத் திரும்பிய குழந்தை இன்று திரும்பவில்லையா? முதலில் கருவியின் பேட்டரியையும், காதுக்குள் பொருந்தும்படி அளவெடுத்துச் செய்த காதச்சையும் பார்க்க வேண்டும். காது வளர வளர அச்சு தளர்ந்து கருவி கீச்சிடும். அப்போது புது அச்சு எடுக்க வேண்டும். அப்புறம், சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். இந்தப் பயத்தால் இரண்டு வயதுவரை எந்த மொழியும் இல்லாமல் தவித்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.