பெற்றோருக்கு சென்னை–நியூயார்க் பிசினஸ் கிளாஸ்: எதைப் பார்த்து எடுப்பது?

அமெரிக்காவில் இருக்கிற நம்மாட்கள் பலர் அப்பா அம்மாவுக்கு முதல் தடவையாக பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுக்கும்போது, யூட்யூபில் நாலு ரிவ்யூ பார்த்துவிட்டு எதில் கதவு வைத்த சீட் இருக்கிறதோ அதையே எடுத்துவிடுகிறார்கள். அந்த ரிவ்யூக்கள் பெரும்பாலும் தனியாகப் பயணம் செய்கிற, முழங்கால் வலி இல்லாத, வேண்டியதைத் தயங்காமல் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குகிற ஒருவர் தனக்காகப் பார்த்துச் சொல்வது. எழுபதைத் தாண்டிய தம்பதிக்கு வேண்டியது வேறு. எக்கானமியைவிட மூன்று நான்கு மடங்கு காசு கொடுத்து அவர்களுக்குச் சிரமத்தை வாங்கித் தரக்கூடாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் கிடையாது. எங்கே இறங்கி மாறுகிறோம் என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. துபாய், தோஹா, அபுதாபி வழி என்றால் முதலில் நாலு, நாலரை மணி நேரம், அப்புறம் ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் ஒரே மூச்சில். லண்டன் வழி என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஒன்று, எட்டு மணி நேரம் இன்னொன்று. பெரியவர்களுக்கு வளைகுடா வழிதான் நல்லது என்பது என் முடிவு. நீண்ட பகுதியில் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, ஒரு முழு இரவுத் தூக்கம் தூங்கி எழுந்தாலும் இன்னும் நேரம் மிச்சம் இருக்கும். லண்டனில் மாறினால் அந்தத் தூக்கம் இரண்டாக உடைகிறது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் டெர்மினல் 5-இல் பி, சி கட்டடங்களுக்குப் போக நிலத்தடி ரயில் வேறு ஏற வேண்டும். முதுகுவலியால் பதினான்கு மணி நேரம் ஒரே விமானத்தில் இருக்கவே முடியாது என்கிறவர்களுக்கு மட்டும் லண்டன் சரி.

சரி, சீட்டுக்கு வருவோம். கத்தார் ஏர்வேஸின் கியூஸூட், அதாவது கதவு வைத்த சின்ன அறை மாதிரியான பிசினஸ் சீட், 2017-இல் வந்தது, இன்றைக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜன்னலோரம் ஆளுக்கொரு அறையாக அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்தால் பதினான்கு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. என் அம்மாவுக்கு டிவி ரிமோட்டும் சீட் பட்டனும் அப்பாதான் இயக்கித் தர வேண்டும். அப்பாவுக்கு எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை என்று சொல்ல அம்மா வேண்டும். ஆகவே கியூஸூட் எடுத்தால் நடுவில் இருக்கிற இ, எஃப் சீட்டுகளை எடுங்கள். அவை அடுத்தடுத்து இருப்பவை, நடுத் தடுப்பை இறக்கிவிட்டால் இரட்டைப் படுக்கையாகவே ஆக்கிக்கொள்ளலாம். பின்பக்கம் பார்த்த சீட் என்பதால் டேக்-ஆஃபின்போது தலைசுற்றும் ஆட்களுக்கு ஒத்துவராது, அதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எமிரேட்ஸின் பழைய போயிங் 777 விமானங்களில் பிசினஸ் 2-3-2 என்ற அமைப்பு, அதாவது இரண்டு ஜன்னலோரமும் இரண்டிரண்டு, நடுவில் மூன்று என ஒரு வரிசையில் ஏழு பேர். ரிவ்யூ போடுகிறவர்கள் இதைத் திட்டாத நாளில்லை. தனியாகப் போய் நடு சீட்டில் மாட்டினால் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் ஜன்னலோர ஜோடி சீட் கிடைத்தால் வயதான தம்பதிக்கு அதைவிட வசதி கிடையாது, பக்கத்தில் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில். இப்போது அந்த விமானங்களையும் 1-2-1 ஆக மாற்றி வருகிறார்கள். துபாய்–நியூயார்க் போகும் இரண்டு தள ஏ380 விமானம் ஏற்கெனவே 1-2-1, மேல்தளத்தின் பின்கோடியில் பார் இருக்கிறது. நம் பெற்றோருக்கு பார் எதற்கு என்று நினைக்க வேண்டாம், எழுந்து நடந்து கால் நீட்டி நிற்க ஓர் இடம் இருப்பது பெரிய உதவி.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எனக்கு மிகவும் பிடித்த விமானம், ஊழியர்களின் பரிவுக்கு நிகர் இல்லை. இருந்தாலும் பெற்றோருக்கு எடுக்க மாட்டேன். சிங்கப்பூர்–நியூயார்க் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். அதில் போகும் ஏ350 விமானத்தில் சீட் பட்டனை அழுத்தினால் படுக்கையாக மாறாது, எழுந்து நின்று முதுகுப் பகுதியை முன்னால் மடித்துப் போட வேண்டும், படுப்பதும் குறுக்காகத்தான். ஊழியரைக் கூப்பிட்டால் செய்து தருவார்கள். ஆனால் நடு ராத்திரியில் யாரையாவது கூப்பிடத் தயங்கி, உட்கார்ந்தே தூங்கிவிடுகிற தலைமுறை நம்முடையவர்கள்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயம். அபுதாபியின் எதிஹாட் விமானத்தில் வந்தால் அமெரிக்க இமிகிரேஷன், கஸ்டம்ஸ் இரண்டையும் அபுதாபியிலேயே முடித்துவிடலாம், 2014-இலிருந்து அங்கே அந்த வசதி இருக்கிறது. நியூயார்க்கில் இறங்கும்போது உள்நாட்டு விமானத்தில் வந்தவர்கள் மாதிரி நேராகப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலைய வாசலில் போன் எடுக்காத அப்பாவுக்காகக் காத்து நின்றவர்களுக்குத் தெரியும். நெடும்பயணம் முடிந்து, கால் வீங்கி, தூக்கம் கெட்டு, அந்த நிலையில் ஓர் அதிகாரி எத்தனை மாதம் தங்குவீர்கள், யார் செலவு என்று கேட்கும்போது பெரியவர்கள் தடுமாறிப் போகிறார்கள். அதே கேள்விகளை நாலு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வார்கள். இதற்காகவே பாதுகாப்புச் சோதனை இன்னொரு முறை நடக்கும், ஆகவே மாறும் நேரம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்து எடுங்கள். சென்னை–அபுதாபி பகுதிக்குச் சிறிய விமானம் வரலாம், அதில் சீட் சாயுமே தவிர முழுப் படுக்கையாகாமல் போகலாம். நாலு மணி நேரம்தானே, விட்டுவிடலாம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. புக்கிங்கில் வெறும் வெஜிடேரியன் என்று தேர்ந்தெடுத்தால் முட்டை சேர்ந்த மேற்கத்திய சாப்பாடு வரலாம். ஏசியன் வெஜிடேரியன், அதாவது ஏவிஎம்எல் என்று குறித்தால்தான் நம் ஊர்ப் பாணி சாப்பாடு வரும். வீல்சேரையும் அப்போதே போட்டுவிடுங்கள், பிசினஸ் டிக்கெட் என்பதற்காகத் தானாக யாரும் கொண்டுவந்து நிற்க மாட்டார்கள்.

மலிவான பிசினஸ் கட்டணம் கண்ணில் பட்டால் உடனே பாயாதீர்கள். சில நிறுவனங்களின் அடிமட்டக் கட்டணத்தில் லவுஞ்சும் இல்லை, முன்கூட்டி சீட் தேர்வும் இல்லை. பெரியவர்களுக்கு இரண்டுமே அவசியம். விமானம் மாறுவதும் நடக்கும். ஒருமுறை ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) புறப்பாட்டுக்கு முந்தின நாள் விமானத்தை மாற்றியதில் பக்கத்துப் பக்கத்து சீட் போய், அப்பா ஒரு வரிசை, அம்மா ஒரு வரிசை என்று ஆகிவிட்டது. அரை ராத்திரியில் போனில் மன்றாடித்தான் சேர்த்து வைத்தேன். டிக்கெட் எடுத்த பிறகும் வாரம் ஒரு தடவை சீட் மேப்பைத் திறந்து பாருங்கள்.

அடுத்த கோடைக்கு நான் எதிஹாடே எடுக்கப் போகிறேன், கியூஸூட்டுக்கு ஆசை இருந்தாலும். சமீபத்தில் பெற்றோரை வீல்சேரில் அபுதாபி வழியாக அழைத்து வந்தவர்கள் யாராவது இருந்தால், அந்த இமிகிரேஷன் வரிசை வரைக்கும் உதவியாளர் கூடவே இருந்தாரா, எவ்வளவு நேரம் ஆனது என்று கீழே எழுதுங்கள்.