பிசிஜி ஊசி வீணா? செங்கல்பட்டு ஆய்வு சொன்னது வேறு

"பிசிஜி காசநோயைத் தடுக்காது என்று அரசே செங்கல்பட்டில் ஆய்வு செய்து கண்டுபிடித்துவிட்டது. பிறந்த குழந்தைக்குப் போடாதீர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மையை வைத்துக் கட்டிய பொய் இது.

ஆய்வு நடந்தது நிஜம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. பதினைந்து ஆண்டுகள் கண்காணித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. அதை ஒளிக்காமல் வெளியிட்டதும் அதே கழகம்தான்; செய்தியை எழுதியவர் இதை வசதியாக விட்டுவிட்டார்.

சரி, அப்படியானால் ஏன் இன்னும் போடுகிறார்கள்? அந்த ஆய்வு எண்ணியது எக்ஸ்ரேயிலும் சளிப் பரிசோதனையிலும் தெரியும் நுரையீரல் நோயை. கைக்குழந்தையின் மூளை உறையைத் தாக்கும் காசநோயும், ரத்தம் வழியே உடலெங்கும் பரவும் காசநோயும் அந்தக் கணக்கில் வராதவை. உயிரைப் பறிக்கும், பிழைத்தாலும் ஊனமாக்கிவிடும் இந்த இரண்டிலிருந்தும் பிசிஜி நல்ல பாதுகாப்புத் தருகிறது என்பதை வேறு பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இருப்பது இதற்காகத்தான்.

இடது தோளில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். அது வழக்கமானதே, மருந்து எதுவும் தடவ வேண்டாம். பிறந்தவுடன் போட விட்டுப்போயிருந்தால் ஒரு வயதுக்குள் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.