மணல் தூசியை வெள்ளணு செரிக்காதுங்க

அண்ணா, "பவுண்டரி (உலோக வார்ப்பாலை) தூசி உள்ள போனாலும் வெள்ளணு தின்னு செரிச்சுரும், மூக்குல துண்டு கட்டுனாப் போதும்"னு மேல எழுதியிருக்கீங்க. பாதிதான் சரிங்க. வெள்ளணுங்குற நோய் எதிர்ப்புச் செல் விழுங்குறது நெசம், 1882-ல மெச்னிகோவ்ங்குற விஞ்ஞானி நட்சத்திர மீனோட இளம்புழுவுல பார்த்ததும் அதைத்தான். கிருமின்னா, அந்தச் செல் அதை ஒரு பைக்குள்ள அடைச்சு, லைசோசோம்ங்குற தன்னோட செரிமானப் பையில இருக்குற அமிலத்தாலயும் நொதியாலயும் கரைச்சுரும்.

மணல் அப்படியில்லீங்க. மணல்ல இருக்குற சிலிக்காங்குற படிகத்தைக் கரைக்கிற நொதி நம்ம உடம்புல கிடையாது. அந்தப் படிகம் லைசோசோமையே கிழிச்சுரும். நொதி உள்ளயே கொட்டி செல் சாகும், தூசி மறுபடி வெளிய வரும், அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு தடவையும் அழற்சி. வருசக்கணக்குல நுரையீரல் தழும்பேறி இறுகிப்போறதுதான் சிலிக்கோசிஸ். அந்தத் தழும்பை ஆத்த மருந்தில்லை. காசநோயும் சுலபமா வரும்.

கோயமுத்தூர்ல வார்ப்பு மணல் உதறுற பசங்க, காரணம்பேட்டைப் பக்கம் கிரஷர்ல நிக்கிறவங்க எல்லாம் இதைப் படிக்கிறாங்க. நுரையீரல் அடி வரைக்கும் போறது கண்ணுக்கே தெரியாத தூசி, துண்டு அதைத் தடுக்காதுங்க. தண்ணி தெளிச்சு வேலை செய்யணும், தூசி உறிஞ்சுற மெஷின் ஓடணும், முகத்துல என்95 மாஸ்க் இருக்கணும். தயவுசெஞ்சு அந்தத் துண்டு வரியை எடுத்துருங்கண்ணா.